கன்சர்னிங் என்றால் கவலைக்கிடமா?

கேள்வி இதுதான். உங்களுக்குப் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. லண்டனில் இருக்கும் கிளையன்ட்டுக்கு வாராவாரம் நிலவரம் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு வாரம் சர்வர் கொஞ்சம் மந்தமானது, 'அலார்மிங்' என்று எழுதினீர்கள். அன்று ராத்திரியே கூப்பிட்டு எல்லோரையும் கூட்டத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகொரு நாள் வாடிக்கையாளர் விவரங்கள் பூட்டில்லாமல் திறந்து கிடப்பதைப் பார்த்தீர்கள். சூடு கண்ட பயத்தில் அடக்கி வாசித்து 'கன்சர்னிங்' என்று எழுதினீர்கள். திங்கட்கிழமை வரை அங்கே ஒருவரும் அசையவில்லை. ஆகவே, கவலையும் கலக்கமும் தரும் விஷயங்களைச் சொல்ல ஆங்கிலத்தில் உள்ள சொற்களை லேசானதிலிருந்து கடுமையானது வரை வரிசைப்படுத்தித் தர முடியுமா என்று கேட்கிறீர்கள்.

வரிசை தரலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் இதே சிக்கல் வேறு வேஷத்தில் வந்து நிற்கும். இந்தச் சொற்கள் எவ்வளவு கவலை என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. படிக்கிறவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. கன்சர்னிங் 'ஒரு கண் வைத்திருங்கள்' என்கிறது. அலார்மிங் 'போட்டது போட்டபடி வாருங்கள்' என்கிறது. டிஸ்டர்பிங் என்பதில் வேலை ஏவுவதே கிடையாது, 'இது முறையில்லை, மனம் ஒப்பவில்லை' என்கிறது. அன்செட்லிங் என்றால் 'என்னவென்று சொல்லத் தெரியவில்லை, ஏதோ நெருடுகிறது'. இப்படிப் பார்த்தால் உங்கள் கிளையன்ட் இரண்டு முறையும் நீங்கள் எழுதியதைத்தான் செய்திருக்கிறார்.

சொற்களுக்குப் போகும் முன் அவற்றின் வால். தமிழர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். (இந்த ஊர் கம்பெனிகளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு.) தமிழில் 'எனக்குக் கவலையா இருக்கு' என்கிறோம், 'நிலைமை கவலையா இருக்கு' என்றும் சொல்கிறோம். கவலைப்படுகிறவருக்கும் கவலை கொடுக்கிற விஷயத்துக்கும் ஒரே 'கவலையா இருக்கு'தான். வேறுபாடு முழுவதையும் அந்த 'எனக்கு'வில் இருக்கும் நான்காம் வேற்றுமை சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சுமை சொல்லின் கடைசியில் இருக்கிறது. கொடுக்கிற விஷயத்துக்கு 'இங்', படுகிற ஆளுக்கு 'எட்'. விஷயம் வொர்ரியிங், நான் வொர்ரீட். இதை மாற்றிப்போட்டு 'ஐ ஆம் வெரி டிஸ்டர்பிங்' என்று எழுதினால், என்னைப் பார்த்தாலே மற்றவர்களுக்கு மனசு கெட்டுப்போகும் என்று நாமே சான்றிதழ் கொடுத்ததாக ஆகும்.

இரண்டு வாலும் ஒரே வாக்கியத்தில் சரியாக உட்கார்ந்த நல்ல உதாரணம் ஒன்று உண்டு. 2020 மார்ச் 11 அன்று கோவிட்டைப் பெருந்தொற்று என்று அழைக்கலாம் என அறிவித்தபோது, உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், தாங்கள் 'டீப்லி கன்சர்ன்ட்' என்றார். எதனால் என்றால், நோய் பரவும் 'அலார்மிங்' அளவாலும், நாடுகள் சும்மா இருக்கும் 'அலார்மிங்' அளவாலும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது நிதானமான சொல், நிலைமையைப் பற்றிச் சொல்லும்போது மணி அடிக்கும் சொல். நோய்க்குப் போட்ட அதே சொல்லை அரசுகளின் மெத்தனத்துக்கும் போட்டார் பாருங்கள், அங்கேதான் சூடு இருக்கிறது. நிலவர மெயில் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. நாம் பதறவில்லை, விஷயம்தான் பதறும்படி இருக்கிறது.

இப்போது கன்சர்னிங். இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். காரணம் நம் செய்தித்தாள்கள். 'அவரது உடல்நிலை கவலைக்கிடமாக உள்ளது' என்று தமிழ்ப் பத்திரிகை எழுதினால், ஆள் பிழைப்பதே சந்தேகம் என்று நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உரிய சொல் 'கிரிட்டிகல்'. ஆனால் அகராதியைப் புரட்டினால் கவலைக்குப் பக்கத்தில் கன்சர்ன் நிற்கிறது. கவலைக்கிடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கன்சர்னிங் என்று எழுதுகிறோம். நம் கணக்கில் அது ஐசியு, படிக்கிற லண்டன்காரருக்கோ அது 'அடுத்த வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்க்கலாம்'. உங்கள் இரண்டாவது மெயிலில் நடந்தது அநேகமாக இதுதான்.

கன்சர்னிங்குக்கு இன்னொரு தொல்லை, அது வெகுகாலம் 'பற்றி' என்ற பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. 'எ லெட்டர் கன்சர்னிங் யுவர் அக்கவுன்ட்' என்றால் உங்கள் கணக்கைப் பற்றிய கடிதம், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலை தருவது என்ற பொருளும் புதிதல்ல, இன்று அகராதிகளிலும் இருக்கிறது. இருந்தாலும் பழைய பள்ளியில் வந்த எடிட்டர்கள் சிலர் இன்னும் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு எழுதும்போது வொர்ரியிங் அல்லது டிரபிளிங் போட்டுவிட்டால் பேச்சே இல்லை.

கன்சர்ன்ட் விஷயத்தில் நம் ஊர் ஆங்கிலத்துக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. 'ப்ளீஸ் கான்டாக்ட் த கன்சர்ன்ட் ஆபீசர்' என்று பெங்களூரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் எழுதியிருக்கும். நாம் சொல்ல நினைப்பது சம்பந்தப்பட்ட அதிகாரி. இங்கிலாந்துக்காரர் காதில் அது கவலையில் மூழ்கியிருக்கும் அதிகாரி என்று விழும். சம்பந்தப்பட்டவர் என்றால் சொல்லைப் பின்னால் தள்ள வேண்டும்: 'த ஆபீசர் கன்சர்ன்ட்'. இந்தியாவுக்குள் எழுதுவதென்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், விட்டுவிடலாம். வெளியே போகும் மெயிலில் மாற்றிவிடுங்கள்.

கன்சர்ன் என்ற பெயர்ச்சொல் எவ்வளவு அளவாகப் புழங்குகிறது என்பதற்கு இரண்டு இடங்களைப் பார்க்கலாம். உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் கடைசிப் படிக்குப் பெயர் 'லீஸ்ட் கன்சர்ன்'. நகரங்களில் காணவில்லையே என்று நாம் புலம்பும் சிட்டுக்குருவி, உலக அளவில் அந்தப் படியில்தான் இருக்கிறது. அபாயம் கூடக்கூட அவர்கள் கன்சர்ன் என்ற சொல்லைக் கூட்டுவதில்லை, அதை விட்டுவிட்டு 'வல்னரபிள்', 'எண்டேஞ்சர்ட்' என்று வேறு சொற்களுக்குப் போய்விடுகிறார்கள். கோவிட் காலத்தில் நேரெதிர். உருமாறிய வைரஸை முதலில் 'வேரியன்ட் ஆஃப் இன்டரஸ்ட்' என்று வைத்துக் கவனிப்பார்கள், நிலைமை முற்றினால் 'வேரியன்ட் ஆஃப் கன்சர்ன்' ஆக்குவார்கள். டெல்டாவும் ஒமிக்ரானும் 2021ல் அந்தப் பட்டத்தைப் பெற்றவை. ஒரே சொல் ஒரு பட்டியலில் அடிப்படி, இன்னொன்றில் மேல்படி. சொல்லுக்கு நிலையான எடை கிடையாது, பக்கத்தில் எது நிற்கிறதோ அதைப் பொறுத்தே எடை.

மருத்துவ அறிக்கைகளில் இதற்குத் தனி அர்த்தமே உண்டு. இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை போனில் படித்துப் பயந்துகொண்டிருப்பதால் சொல்லி வைக்கிறேன். 'கன்சர்னிங் ஃபார்' என்று போட்டு ஒரு நோயின் பெயர் எழுதியிருந்தால், அந்த நோயாக இருக்கலாமோ என்று சந்தேகம் இருக்கிறது, மேற்கொண்டு பார்த்துவிட வேண்டும் என்று பொருள். உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல, தள்ளிப்போடலாம் என்றும் பொருளல்ல. கணைய நீர்க்கட்டிகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலில் (2012) 'வொர்ரிசம் ஃபீச்சர்ஸ்' என்றே ஒரு வகை இருக்கிறது. அதற்கு மேல்படி 'ஹை ரிஸ்க் ஸ்டிக்மேட்டா', அதாவது அதிக ஆபத்தின் அடையாளங்கள். அங்கே வொர்ரிசம் என்பது டாக்டரின் மனநிலை இல்லை, வரையறுத்த ஒரு பெட்டி. அப்புறம் 'அன்ரிமார்க்கபிள்' என்று இருந்தால் சந்தோஷப்படுங்கள், குறிப்பிடும்படி ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். சாதாரணப் பேச்சில் ஒருவரை அப்படிச் சொன்னால் அவமானம், கல்லீரலைச் சொன்னால் பாராட்டு.

வொர்ரியிங், வொர்ரிசம் இரண்டும் பொருளில் ஒன்றே. முன்னது பிரிட்டனில் அதிகம், பின்னது அமெரிக்காவில் அதிகம். வொர்ரி என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பது என்ற பொருளில் தொடங்கியது. பிறகு நாய் ஆட்டின் குரல்வளையைக் கவ்வி உலுக்குவதற்கு வந்தது. பிரிட்டனில் 1953ஆம் வருடத்துச் சட்டமொன்று ஆடுமாடுகளை நாய் துரத்திக் கடிப்பதை 'வொர்ரியிங்' என்றுதான் குறிப்பிட்டது. கவலை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டதுதான். ஆனாலும் அந்த நாய்க்குணம் போகவில்லை. கன்சர்ன் தள்ளி நின்று பார்க்கும், வொர்ரி பிடித்தால் விடாது. அதனால்தான் 'வாட் ஈஸ் வொர்ரியிங் மீ' என்று எழுதும்போது ஆள் உள்ளே வந்துவிடுகிறார். கம்பெனி பெயரில் எழுதும் கடிதத்தில் கன்சர்ன், நாமே நம் பெயரில் ஒருவரிடம் சொல்லும்போது வொர்ரி. இந்தப் பழக்கம் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிசகாது.

அலார்ம் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. 'ஆயுதம் எடுங்கள்' என்று பாசறையில் போடும் கூச்சல். இன்றும் அதற்குள் அந்தக் கூச்சல் இருக்கிறது. ஆகவே அலார்மிங் என்று எழுதினால் அடுத்த வரியிலேயே யார், எந்த ஆயுதம், எத்தனை மணிக்குள் என்று இருக்க வேண்டும். அது இல்லாத அலார்மிங் வெறும் கூப்பாடு. இரண்டு தடவை அப்படி எழுதினால் மூன்றாவது தடவை உங்களை 'அலார்மிஸ்ட்' என்பார்கள், சும்மா பீதி கிளப்புகிறவர் என்று. உங்கள் திறந்து கிடந்த விவரங்களுக்கு இந்தச் சொல் பொருந்தியிருக்கும். ஆனால் நானாக இருந்தால் அங்கே எந்த அடைமொழியும் போட்டிருக்க மாட்டேன். 'வாடிக்கையாளர் விவரங்கள் இப்போது இணையத்தில் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கின்றன, மூட உங்கள் அனுமதி இன்றிரவே வேண்டும்' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினால் போதும். நடந்ததைச் சொல்ல முடிகிற இடத்தில் நடந்ததைச் சொல்வதே பலம். எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள்.

லண்டன் என்பதால் ஒன்று. பிரிட்டிஷ்காரர்கள் கடுமையானதை மென்மையாகச் சொல்லிப் பழகியவர்கள். அவர்கள் 'ஐ ஹேவ் சம் கன்சர்ன்ஸ்' என்றால் அது பெரும்பாலும் பலத்த ஆட்சேபம், 'எ பிட் வொர்ரியிங்' என்றால் நன்றாகவே வொர்ரியிங். அவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது ஒரு படி கூட்டிப் படியுங்கள். ஆனால் நீங்கள் எழுதும்போது அந்த விளையாட்டு வேண்டாம். நாம் அடக்கி வாசிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, உள்ளதே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

டிஸ்டர்பிங், டிரபிளிங், பெர்டர்பிங் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'டுர்பா' என்றால் கூட்டம், கலவரம். தெளிந்த தண்ணீரைக் கலக்கிவிடுவது மூன்றுக்கும் அடிப்படை. தமிழில் 'கலக்கம்' என்று நாம் சொல்வதும் அதே காட்சிதான், ஆகவே இந்த மூன்றையும் நாம் சுலபமாகப் பிடித்துக்கொள்ளலாம். வித்தியாசம் எதைக் கலக்குகிறது என்பதில். டிரபிளிங் யோசனையைக் கலக்குகிறது, தூக்கம் வராமல் புரள வைக்கும். பெர்டர்ப் என்பது ஓடிக்கொண்டிருக்கும் தடத்திலிருந்து லேசாக விலக்குவது. வானியலில் இது கலைச்சொல். யுரேனஸ் கோள் கணக்குப் போட்ட பாதையில் போகாமல் கொஞ்சம் விலகியதை 'பெர்டர்பேஷன்' என்றார்கள். எது இழுக்கிறது என்று பிரான்சின் லெ வெரியே கணக்கிட்டுச் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே 1846ல் பெர்லினில் நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒருவர் 'அன்பெர்டர்ப்ட்' என்றால் என்ன நடந்தாலும் தன் பாதையில் போகிறவர். அலுவலக மெயிலில் பெர்டர்பிங் கொஞ்சம் பகட்டாகத் தெரியும், தவிர்க்கலாம்.

டிஸ்டர்பிங் விஷயத்தில் உஷார். 'சார், டிஸ்டர்ப் பண்றேனா?' என்று நாள் முழுக்கக் கேட்கிறோம், அது தொந்தரவு என்ற லேசான பொருள். ஆனால் டிஸ்டர்பிங் என்று அடைமொழியானதும் சொல் கனத்துவிடுகிறது. வன்முறைக் காட்சிகளுக்கு முன் தொலைக்காட்சியில் எச்சரிக்கை போடுவார்களே, அந்தச் சொல். உங்கள் மெயில் நேரம்கெட்ட நேரத்தில் வந்து இடைஞ்சல் செய்தது என்று சொல்ல நினைத்து 'யுவர் மெயில் வாஸ் டிஸ்டர்பிங்' என்றால், அதில் ஏதோ கொடூரம் எழுதியிருக்கிறார் என்று ஆகிவிடும்.

நம் ஊர் ஏரி ஒன்றை வைத்தே இந்தச் சொற்களைப் பிரித்துவிடலாம். பெல்லந்தூர் ஏரி, சுமார் 900 ஏக்கர், நகரின் சாக்கடையில் பெரும்பங்கு சுத்திகரிக்காமலே அங்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சோப்புத்தூள் கலந்த கழிவுநீரால் தண்ணீரில் பாஸ்பேட் ஏறுகிறது என்று ஆய்வறிக்கை சொல்வது கன்சர்னிங். அளந்து பார்த்து, தொடர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம். 2015ல் வெள்ளை நுரை கரை தாண்டி எழுந்து காற்றில் பறந்து சாலையில் போகிறவர்கள் மேல் விழுந்ததே, அது அன்செட்லிங். பார்க்கப் பனி மாதிரி அழகாக இருக்கும், ஆனால் அழகாக இருக்கக்கூடாத ஒன்று அழகாக இருக்கும்போது வரும் நெருடல் அது. 2017 பிப்ரவரியிலும் மறுபடி 2018 ஜனவரியிலும் ஏரியே தீப்பிடித்தது, இரண்டாவது முறை ராணுவத்தினரும் வந்து அணைத்தார்கள். அது அலார்மிங். இவ்வளவும் நம் ஒவ்வொருவர் வீட்டுக் குளியலறையிலிருந்தும் போனதுதான், வருடக்கணக்காகத் தெரிந்தேதான் போனது என்பது டிஸ்டர்பிங். ஏரி ஒன்றுதான், எந்தப் பக்கத்தைக் காட்டுகிறோமோ அதற்கேற்பச் சொல் மாறுகிறது. இதில் எது கடுமை என்று கேட்டால் என் ஓட்டு கடைசிக்குத்தான், தீயை அணைத்த பிறகும் அது போகவில்லை.

அன்செட்லிங்குக்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். டிஸ்கன்சர்ட்டிங், எதிர்பாராத ஒன்று வந்து நம் தாளகதியைக் கெடுப்பது. நேர்காணலில் எதிரே இருப்பவர் நீங்கள் பேசப்பேச ஒன்றும் சொல்லாமல் கண்ணிமைக்காமல் பார்த்தால் அது டிஸ்கன்சர்ட்டிங். அன்நெர்விங் அதற்கு ஒரு படி மேல், கை நடுங்கும், தைரியம் போகும். டிஸ்க்வயட்டிங் புத்தக வாடை அடிக்கும் சொல், எழுத்தில் எப்போதாவது. 'நேகிங்' என்றால் நம் 'உறுத்தல்', சின்னதாக இருந்துகொண்டு விடாமல் குத்துவது. நேகிங் டவுட், நேகிங் பெயின்.

அமானுஷ்யம் பக்கம் போகும் சொற்கள் வேறு கூட்டம். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஆங்கிலச் சொற்களை அடுக்கவும் இது எனக்கு வசதியாக இருக்கிறது. விலங்குக்கும் கள்வருக்கும் பயப்படுவது வெளிப்படையான ஆபத்து, அங்கே டேஞ்சரஸ், திரெட்டனிங், ஸ்கேரி போதும். அணங்கு என்பது கண்ணுக்குப் பிடிபடாதது. ஈரி, அன்கேனி, ஆமினஸ் எல்லாம் அந்தப் பக்கம். ஈரி, ஆளில்லாத இடத்தின் அமைதி தரும் சிலிர்ப்பு. 2020 ஊரடங்கில், எப்போதும் நெரிசலில் திணறும் நம் சில்க் போர்டு சிக்னலில் வண்டியே இல்லாமல் விளக்கு மட்டும் மாறி மாறி எரிந்தது ஈரி. ஆமினஸ், இனிமேல் வரப்போவதற்கு அறிகுறி, சகுனம் என்ற வேரிலிருந்து வந்தது. அன்கேனி, நன்கு தெரிந்தது போலவே இருந்தும் ஏதோ ஒன்று தப்பாக இருப்பது. மனிதனைப் போல ஏறக்குறைய இருக்கும் ரோபோவைக் கண்டால் வரும் கூச்சத்தை ஜப்பானின் மசாஹிரோ மோரி 1970ல் எழுதினார், ஆங்கிலத்தில் அது 'அன்கேனி வேலி' ஆனது. இந்த ஊர் அனிமேஷன் ஸ்டூடியோக்களில் தினசரி அடிபடும் சொல் அது.

நான்காவது இறை, அதாவது மேலே இருப்பவர். அங்கே இன்டிமிடேட்டிங் வருகிறது. வேலையே மலைப்பாக இருந்தால் டான்டிங், ஆள் மிரட்சி தந்தால் இன்டிமிடேட்டிங். 'மை மேனேஜர் ஈஸ் இன்டிமிடேட்டிங்' என்பதை வியப்பாகச் சொல்கிறவர்களும் உண்டு, அவர் அவ்வளவு கெட்டிக்காரர் என்று. ஆனால் எழுத்தில் கவனம் வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில், மிரட்டும் வகையிலான வேலைச் சூழலை உருவாக்குவது என்ற இடத்தில் வருவது இதே இன்டிமிடேட்டிங்தான். எச்ஆருக்குப் போகும் கடிதத்தில் அந்தச் சொல் இருந்தால் அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிரீப்பி என்பது இதற்கு நேர்மாறு. தோலில் ஏதோ ஊர்வது போன்ற அருவருப்பு, நண்பர்களிடம் சொன்னால் உடனே புரியும். ஆனால் புகாரில் அது நிற்காது, என்ன செய்தார், என்ன சொன்னார், எப்போது என்று கேட்பார்கள். அதை நேராக எழுதிவிட்டால் படிக்கிறவரே மனதுக்குள் கிரீப்பி என்று சொல்லிக்கொள்வார்.

கடைசியாக, டென்ஷன். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மெயில் மாதிரியில் 'ஐ ஆம் டென்ஸ்ட்' என்று இருந்ததால் சொல்கிறேன். நமக்கு டென்ஷன் என்பது கவலை, பரபரப்பு, எரிச்சல், அவசரம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், பெங்களூரில் தமிழர்கள் வாழும் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. வெளிநாட்டு ஆங்கிலத்தில் டென்ஷன் என்றால் பெரும்பாலும் இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் இறுக்கம். டீமில் டென்ஷன் இருக்கிறது என்று எழுதினால், சண்டை நடக்கிறது என்று கிளையன்ட் நினைப்பார். 'டென்ஸ்ட்' என்றால் தசை இறுகியது. ஆள் பதற்றமாக இருந்தால் டென்ஸ் போதும், அதைவிட ஆங்ஷஸ் பொருத்தம். ரிலீஸ் தேதியை நினைத்து வயிற்றில் புளி கரைகிறது என்றால் 'ஆங்ஷஸ் அபவுட் த ரிலீஸ்' என்று எழுதுங்கள். பேசும்போது டென்ஷன் ஆகிக்கொள்ளலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.